அரசாணியின் ஏழு கண்கள்

ஆவணி 4, புதன்

பெட்டி பிரிக்கும்போது இருந்தவர்கள்: நான், அவர், பக்கத்து வீட்டுச் சாந்தாமணியக்கா. அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்தவர் ஒருவர். ஆக மொத்தம் நான்கு.

கோயில் விளக்குப் பூஜைக் குழுவுக்கு வருகைப் பதிவு எழுதுவது நான்தான். யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டால், பிறகு எது நடந்தாலும் சாட்சிக்கு ஆள் உண்டு. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

கூரியரில் அவர் பெயருக்கு வந்த சின்ன அட்டைப்பெட்டி. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் நேராக அறைக்குள் போகப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"என்னுங்கண்ணா அது, மாத்திரைங்களா?"

மாத்திரை இல்லை. ஒரு பொம்மை. என் கட்டைவிரல் உயரம், சாம்பல் நிறம். மூன்று கால், நான்கு கை, கழுத்து கிடையாது. வயிறு மட்டும் நன்றாக விளைந்த அரசாணிக்காய், பரங்கிக்காய் என்பார்களே, அது மாதிரி வரிவரியாக உருண்டிருக்கிறது. தலையில் காம்பு காம்பாக முளைத்து, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு கண். எண்ணிப் பார்த்தேன், ஏழு. நாக்கை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு, ஒரு கையில் ஜல்லிக்கரண்டி போல எதையோ ஓங்கிக்கொண்டு நிற்கிறது. மற்ற மூன்று கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல், பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி தொங்கவிட்டிருக்கிறது.

"பல்லியாட்ட இருக்குது," என்றார் அக்கா.

"வேற கிரகத்துத் தளபதிங்க," என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் காது சிவந்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

அக்கா போன பிறகு விஷயம் வெளியே வந்தது. சித்திரையில் வேர் சிகிச்சைக்குப் போனாரே, அந்தப் பல் டாக்டர் ரெஜினா, ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு விளையாட்டுக் குழு நடத்துகிறாராம். பெரிய மேஜையில் மலை, இடிந்த கோட்டை எல்லாம் செய்து வைத்து, ஆளுக்கொரு பொம்மைப் படையை எடுத்து வந்து, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். ஓய்வு பெற்றோர் சங்கத்துக்குப் போகிறேன் என்று இவர் போனதெல்லாம் அங்கேதான். சட்டைப் பையில் பகடை கிடைத்தபோது, சங்கத்தில் தாயம் ஆடுகிறார்கள் போல என்று துவைத்து மடித்து வைத்தேன்.

இந்த மாதம் 29, ஞாயிறன்று போட்டி. மற்ற சிப்பாய்களை வர்ணம் அடித்த நிலையிலேயே யாரிடமோ வாங்கிவிட்டார். தளபதி மட்டும் புதிது. வர்ணம் முழுசாக முடியாத தளபதியை மேஜையில் ஏற்ற மாட்டார்களாம். தளபதி இல்லாமல் ஆடவும் முடியாதாம்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. மகள் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை இவரும் இல்லையென்றால் சமையல் பாதி மிச்சம். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பதுதான் சிரமம், எப்படி வைத்தாலும் இரண்டு ஆளுக்கு வந்துவிடுகிறது.

ஆவணி 5, வியாழன்

குளித்துவிட்டு வர்ணம் அடிக்க உட்கார்ந்தார். மதியத்துக்குள் தளபதி, நாற்காலிக் கை, அவர் மூக்குக் கண்ணாடி மூன்றும் பச்சை. தளபதியின் நாக்கையும் கண்களையும் காணோம். பாசி பிடித்த குழவி மாதிரி நின்றது. மில் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் ஸ்பேனர் கொடுத்து வாங்கிய கை அது. அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆவணி 7, சனி

அவர் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். பழைய ஊறுகாய் ஜாடியில் கிருமிநாசினி ஊற்றித் தளபதியை நேற்று ஊறப் போட்டு, இன்று காலை பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை முழுக்க உரிந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி வெளியே வந்தது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று சாந்தாமணியக்கா ஹார்லிக்ஸோடு வந்துவிட்டார்.

சுத்தம் செய்ததோடு சரி, வர்ணம் அடிக்கப் போவதில்லை என்று இருந்தேன். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தபோது, அந்த நாக்கின் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருப்பது தெரிந்தது. செய்தவன் யாரோ, ரசித்துச் செய்திருக்கிறான்.

கொலு பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்க எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வருஷம் லட்சுமிக்கு மூக்கு உதிர்ந்தது, தூக்கிப்போட மனசு வராமல் நானே சரிசெய்தேன். அதற்கப்புறம் புரட்டாசி வந்தால் வீதியில் பாதிப் பொம்மைகள் என் வீட்டுக்கு வைத்தியத்துக்கு வந்துவிடும்.

ஆவணி 8, ஞாயிறு

அவர் போனார். ரசம் மிச்சம்.

ஆவணி 10, செவ்வாய்

ஒரு தப்பு நடந்துவிட்டது. மரப்பாச்சிக்கு உடை கட்டுமுன் நல்லெண்ணெய் தடவித் துடைப்பது என் வழக்கம். அதே கையாகத் தளபதிக்கும் தடவிவிட்டேன். பிறகு வர்ணம் வைத்தால், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் போல உருண்டு உருண்டு ஓடுகிறது. ஒரு மணி நேரம் வர்ணக் கடைக்காரரைத் திட்டினேன். அப்புறம்தான் விரலை முகர்ந்து பார்த்தேன்.

அவர் டாக்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் எண்ணெய் என்றதும் டாக்டர் ரெஜினா சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. பின்னால் யாரோ வாயைத் திறந்து வைத்தபடி "ஆ, ஆ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், நாற்காலியில் இருந்த நோயாளி.

"சோப்பு போட்டுக் கழுவிக் காய வைங்கம்மா. முதல்ல வெள்ளை, மெல்லிசா ஒரு பூச்சு. கலர் எதுவானாலும் மோர் பதத்துக்கு மேல கெட்டியா இருக்கக் கூடாது. ரெண்டு தடவை, மூணு தடவை அடிங்க. கடைசியில இருட்டுக் கலரைத் தண்ணியாக் கரைச்சு ஊத்துனா, அதுவே மடிப்புல போய் உக்காந்துக்கும்."

மோர் பதம் என்றால் எனக்குத் தெரியும். பிறகு ஏன் இத்தனை நாள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை?

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை, உப்புக் கொழுக்கட்டை, சுண்டல். மார்க்கெட்டிலிருந்து களிமண் பிள்ளையார் அவர் வாங்கி வந்தார். குன்றிமணி இரண்டு எடுத்துக் கண் வைத்தது நான். வைக்கும் வரைக்கும் களிமண். வைத்ததும் பிள்ளையார் என்னைப் பார்க்கிறார், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தளபதி வெள்ளைப் பூச்சோடு ஜன்னல் திட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கொழுக்கட்டை அதன் பக்கத்தில் எப்படிப் போனது என்று தெரியவில்லை. அவர் நான் வைத்தேன் என்கிறார். நான் வைக்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி

பிள்ளையாரைக் குளத்தில் கரைத்துவிட்டு வந்தோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீரில் விடும்போது எப்போதும் போல மனசு ஒரு மாதிரி ஆனது. அடுத்த வருஷம் வாப்பா என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஆவணி 16, திங்கள்

வேலை நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லக் கூடாது, ஆனால் இதை யார் படிக்கப் போகிறார்கள்.

பெட்டியின் மேல் படத்தில் தளபதி ஊதாவும் பச்சையுமாக இருந்தது. அது யாருக்கும் எடுக்காத நிறம். நான் உடம்புக்கு அரக்கு வைத்தேன். வயிற்று வரிகளுக்கு மாம்பழ மஞ்சள், பள்ளங்களில் புளித்தண்ணீர் நிறத்தில் ஒரு கரைசல். டாக்டர் சொன்னபடியே அது தானாக ஓடிப் போய் மடிப்பில் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் பொம்மைக்கு மடிப்பு மடிப்பாக நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. பிறகு வர்ணம் தொட்ட பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, ஒட்டியிருக்கிற மிச்சத்தோடு மேடுகளில் லேசாக வருடினால், வெயில் பட்ட மாதிரி ஒரு மினுக்கு. கரண்டிக்குப் பித்தளை நிறம். இடுப்பில் துணி மாதிரி ஒரு சுற்று இருக்கிறது, அதற்கு மயில் கழுத்து நிறமும் மெல்லிய ஜரிகைக் கரையும். இவ்வளவு பெரிய தளபதி, வெறும் துணியைக் கட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போவதா?

சாந்தாமணியக்கா பார்த்துவிட்டு, "எங்க நாத்தனாராட்டவே இருக்குதுடி," என்றார். கண் படும் என்று இடது கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். கன்னம் எங்கே முடிகிறது, வயிறு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமானது.

பெட்டியில் போட்டிருக்கும் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையவில்லை. அரசாணி என்றே கூப்பிடுகிறேன். இப்போது அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஆவணி 19, வியாழன்

சிலிண்டர் வந்தது. முழங்கால் வலி. அரசாணிக்கு நகம் வரைந்தேன்.

ஆவணி 22, ஞாயிறு

குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து அரசாணியை அதில் படுக்க வைத்துக் கொடுத்தனுப்பினேன், குழுவில் காட்டிவிட்டு வர. மாலையில் அவர் படியேறும்போதே சத்தமாக இருந்தார். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்களாம். தினகர் என்று ஒரு பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, போன வருஷப் போட்டியில் ஜெயித்தவன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தானாம். ஒரே ஒரு குறை, கண் வெறும் வெள்ளையாக இருக்கிறது, கண் இல்லாவிட்டால் முடிந்த கணக்கில் சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கண் கடைசியில்தான் திறக்க வேண்டும், நல்ல நாள் பார்த்துத் திறக்கிறேன் என்றேன். தோசை ஊற்றிக்கொண்டே, போட்டியில் அரசாணிக்கு என்ன வேலை என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவர் உற்சாகமாக டம்ளரையும் உப்பு டப்பாவையும் வைத்து விளக்கினார். முதல் நகர்த்தலிலேயே அரசாணியைத் தன்னந்தனியாக முன்னால் அனுப்புவாராம். எதிரிகள் எல்லோரும் அதன் மேல் பாய்வார்களாம். அந்த நேரத்தில் இவருடைய சிப்பாய்கள் இரண்டு பக்கமும் சுற்றி வளைப்பார்களாம்.

"அப்ப அரசாணி?"

"அது செத்துரும். அதுக்குத்தானே அனுப்பறது."

தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். கண் திறக்காதவரைக்கும் அது பிளாஸ்டிக். கண் திறந்துவிட்டால் அப்படி இல்லை. குளித்து, விளக்கேற்றி, நல்ல நேரம் பார்த்துத் திறந்து, முதலில் கண்ணாடியில் அதன் முகத்தையே அதற்குக் காட்டி, அதற்கப்புறம்தான் நாம் எதிரே போக வேண்டும். கண் திறந்த பொம்மையைத் தரையில் வைப்பது இல்லை. கை உடைந்தாலும் குப்பையில் போடுவது இல்லை. அப்படி இருக்கும்போது, கண்ணையும் திறந்து, சாவதற்கென்றே அனுப்புவதா?

என்னால் முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். தோசை கருகிவிட்டது.

ஆவணி 23, திங்கள்

பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. காபி என்றால் காபி. சாவி என்றால் சாவி.

ஆவணி 24, செவ்வாய்

டாக்டர் ரெஜினா போன் செய்தார். வீட்டுக்காரர் வேறு யாரிடமாவது கண் வரைந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நானே சொன்னேனாமே, அப்படியா என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரும் அப்படி யாரிடமும் கேட்கவில்லையாம், டாக்டராகச் சும்மா போட்டுப் பார்த்தது. "அவர் கேக்க மாட்டார்மா. கண்ணு என் சம்சாரந்தான் வைக்கணும், இல்லைனா நான் போட்டிக்கே வரல டாக்டர்னு சொல்லிட்டார்."

அதை என்னிடம் சொன்னால் என்னவாம்?

விதிமுறைப் புத்தகம் அவர் மேஜையில் கிடந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஒரு ஜீவனை எங்கே அனுப்புகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, அதற்காகத்தான். மூன்று கால் உள்ளது மற்றவற்றை விட அதிக தூரம் நகரலாம் என்று போட்டிருக்கிறது. அவர் இத்தனை நாள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆவணி 25, புதன்

காலையில் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"ருக்கு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. பிள்ளையாருக்குக் கண்ணு வெச்சே. மூணாம் நாளு கொண்டுபோயித் தண்ணியில கரைச்சமே. அது மட்டும் எப்படி?"

இதை அவர் இரண்டு நாளாக யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. தலை வாரக்கூட இல்லை. செம்பருத்திக்கு விட்ட தண்ணீர் தொட்டி நிறைந்து வழிந்து அவர் காலில் ஓடியது. நகராமல் நின்றார்.

அப்புறம் சொன்னேன். "பிள்ளையாரை யாருகிட்டயாவது குடுத்து அனுப்புனமா? மடியில வெச்சுக்கிட்டு நானே வந்தேன். தண்ணி வரைக்கும் கூட வந்து, என்ற கையால விட்டேன். அப்படின்னா சரிங்க."

"அப்படின்னா?"

"அரசாணி வந்தா நானும் வருவேன். அதை நான்தான் தொடுவேன். வேற யாரும் நகர்த்தக் கூடாது."

அவர் சரி என்று உடனே சொல்லவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். காலை உதறிக்கொண்டு, வேட்டி நுனியைப் பிழிந்தார். அப்புறம்தான் சரி என்றார்.

ஆவணி 28, சனி

கிருத்திகை. விரதம். விளக்கேற்றிவிட்டு, ஏழரைக்கு மேல் நல்ல நேரத்தில் கண் திறந்தேன். இருந்தவர்கள்: நான், அவர், முருகன் படம். சாந்தாமணியக்கா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன், சிரிக்க வைத்துவிடுவார்.

ஏழு கண். பிரஷ்ஷில் இரண்டு மூன்று மயிர் மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டேன். மூச்சை அடக்கி ஒரு கண், மூச்சு விட்டு அடுத்த கண். எல்லாவற்றையும் நேராகப் பார்க்க வைத்தால் மிரண்ட மாதிரி இருக்கும் என்று, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் பார்க்க வைத்தேன். அப்படி வைத்ததும் தளபதி போய், விருந்துக்கு வந்த இடத்தில் என்னென்ன பலகாரம் இருக்கிறது என்று நோட்டம் விடுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. கைக்கண்ணாடியை முன்னால் காட்டினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கண்ணாடிக்குள் அதைப் பார்த்து, "அடேங்கப்பா," என்று மெதுவாகச் சொன்னார்.

ஆவணி 29, ஞாயிறு

வந்திருந்தோர் பதினாறு பேர். அதில் புடவை கட்டியவள் ஒருத்தி.

மாடி முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. நான்கு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டர் ரெஜினா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வரவேற்றார். என் வீட்டுக்காரரை அங்கே யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. கேப்டன் என்கிறார்கள். யாரோ என்னவோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அங்கே விளக்கு வெளிச்சம் ஜாஸ்தி, அதனால்தான் சிரிப்பு அப்படிப் பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு எதிரே தினகர். தலைமுடியைக் குடுமியாகக் கட்டியிருந்தான். அவன் படை முழுக்க இரும்பு வண்டுகள், அவற்றுக்கு ஒரு ராணி. ராணி விழுந்தால், அந்தச் சுற்று முடிந்ததும் ஆட்டம் நமக்கு; நம் தளபதிக்கு அந்த விதி கிடையாது. அரசாணியைப் பார்த்தவன், "கன்னத்துல கலர் சிந்திருச்சு போலங்க ஆன்ட்டி," என்றான். சிந்தவில்லை, திருஷ்டிப் பொட்டு என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தன் ராணிக்கும் ஒன்று வைத்துத் தரச் சொல்லிக் கேட்டான். ஆட்டம் முடியட்டும் தம்பி என்றேன்.

அரசாணியை நான்தான் தொடுவேன் என்று சொன்னதும் சலசலப்பு. ஒரு படையை ஒரே ஆள்தான் நகர்த்த வேண்டும் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். அரசாணியை இடிந்த கோட்டைச் சுவருக்குப் பின்னால் வைத்தேன். அங்கேயே இருந்தது. அவர் தன் சிப்பாய்களோடு முன்னால் போய் நிறையப் பேரை இழந்தார். தினகர் ஒவ்வொரு தடவையும், "உங்க தளபதி லீவுல இருக்காருங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். சுவரோரத்து நிழலில் அது சௌக்கியமாக நின்றது.

கடைசிச் சுற்று. வண்டு ராணி கோட்டைப் பக்கமாகத் தனியாக வந்து நின்றது. அவர் தன் சிப்பாய்களிடமிருந்து டேப்பை வைத்து அளந்தார், எட்டவில்லை. பிறகு அவர் கண் சுவருக்குப் பின்னால் போனது. எனக்கும் தெரிந்துவிட்டது. மூன்று கால். எட்டும். ஆனால் வெளியே போனால், சுற்றி நிற்கிற வண்டுகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து என் காதோரம் சொன்னார்.

"வேண்டாம் ருக்கு. உட்டுரலாம். தோத்தாத் தோத்துட்டுப் போறோம்."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போது அரசாணி சுவருக்கு வெளியே இருந்தது. என் கைதான் நகர்த்தியது. யோசித்து நகர்த்தினேன் என்று எழுதினால் பொய். ராணி அவ்வளவு பக்கத்தில் நின்றது, நான் என்ன செய்ய? பகடையையும் நான்தான் உருட்டினேன். ஆறு. இன்னொரு ஆறு. கரண்டியாலேயே ராணி காலி. மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தினகர் தலையில் கை வைத்துக்கொண்டு, பாக்கி இருந்த வண்டுகளையெல்லாம் அரசாணி மேல் திருப்பினான். பகடை உருண்டது. அரசாணி விழுந்தது.

ஆட்டம் எங்களுக்கு. அரசாணியை எடுத்து, மேஜை ஓரத்தில் படுக்க வைக்காமல், முந்தானையில் வைத்துக்கொண்டேன். ஏழு கண்ணும் ஏழு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கூடவே வந்தேன், என் கையால்தான் அனுப்பினேன், என்றாலும்.

டாக்டர் வந்து, அடுத்த ஆட்டத்துக்கு அரசாணியை எடுத்து வையுங்கள் என்றார்.

"அதுதான் போயிருச்சுங்களே," என்றேன்.

"இந்த ஆட்டத்துலதாம்மா போச்சு. அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் திரும்ப வருவாங்க. ஒவ்வொரு தடவையும் வருவாங்க."

நான் பக்கத்தில் நின்ற அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

புத்தகத்திலும் அது இல்லை. எழுதத் தேவையில்லாத விஷயம் என்று விட்டிருப்பார்கள். இது தெரியாமல், காபிக்கும் சாவிக்கும் நடுவில் என்ன பாடு பட்டோம் இரண்டு பேரும்.

அடுத்த ஆட்டத்தில் முதல் நகர்த்தலிலேயே அரசாணியை முன்னால் விட்டேன். தோற்றுவிட்டோம். பாதி ஆட்டத்தில் மணியைப் பார்த்து, "ஏனுங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், கேலியில்லை. "கேப்டன், வீட்டு ஆர்டர் வந்துருச்சு," என்றான் ஒருவன். அவரும் சிரித்தார். அது அதற்கு முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐப்பசியிலிருந்து தொடர் போட்டியாம், ஆளுக்கொரு படை, என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்கவில்லை. காற்று அதிகம்.

ஆவணி 31, செவ்வாய்

நேற்றும் கேட்கவில்லை. இன்று காலை அவராகவே பேசினார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல்.

"மில்லுல ஸ்டோர்ஸ் நஞ்சப்பன். வீதியில ரிட்டயர்ட் நஞ்சப்பன். அந்த மாடியில மட்டுந்தான் ருக்கு, என்னை யாரும் அப்படிப் பாக்கறதில்ல. அங்க போயி உக்காந்தா எனக்குன்னு ஒரு எடம் இருக்கறாப்பல இருந்துச்சு."

இருந்துச்சு என்றார். இருக்குது என்று சொல்லவில்லை.

நான் காபியைச் சூடு பண்ணி மறுபடி கொடுத்தேன். நான் வந்ததால் அந்த இடம் போய்விட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். மதியம் அவர் தங்கச்சி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பொள்ளாச்சி கிளம்பிவிட்டார். நாளை மறுநாள் வருவார். விளக்குப் பூஜை என் பொறுப்பு, அதனால் நான் போகவில்லை.

பை எடுத்து வைத்துக் கொடுத்தேன். மாத்திரை டப்பாவைப் பேசாமல் பையின் பக்கத்து ஜிப்பில் வைத்தேன். கேட்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை.

புரட்டாசி 1, புதன்

விளக்குப் பூஜை. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். சாந்தாமணியக்கா வந்ததும் முதல் கேள்வி, அரசாணி ஜெயித்ததா என்பதுதான். பூசாரி திரும்பிப் பார்த்தார். ஜெயித்தது, செத்தது, திரும்ப வந்தது என்றேன். அக்காவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நம்ம எல்லாரும் அப்படித்தானே என்று சொல்லிவிட்டுத் திரி போட உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து வெகு நேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். பேசினால் சாப்பிட்டீங்களா, தங்கச்சி எப்படி இருக்குது என்று வேறு பக்கம் போய்விடும். அதனால் வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ஏனுங்க, டாக்டர் என்னையும் தொடர் போட்டியில சேரச் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லலை. எனக்கு ஆடணும்னு ஆசையா இருக்குது. அரசாணிக்காக இல்லீங்க, எனக்காக. ஆனா அந்த மாடி உங்க எடம்னு சொன்னீங்க, அது மனசுல நிக்குது. நான் வந்தா வேற மேஜையில உக்காந்துக்கறேன். அங்க வெச்சு மாத்திரை கேக்க மாட்டேன், உங்களை எல்லாரும் கூப்பிடற மாதிரி கேப்டன்னே கூப்பிடறேன். அப்பவும் நான் வரது உங்களுக்குச் சங்கடம்னா, வேண்டாம்னு சொல்லிருங்க. கோவிச்சுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது, ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன், அப்புறம் சரியாயிருவேன். சரின்னு மனசாரத் தோணுனா மட்டும் சரின்னு சொல்லுங்க. டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். சீக்கிரம் பதில் போடுங்க."